கோழிக்குப் போட்ட மருந்து

சோப்பு நுரையை மணிக்கட்டில் தடவி, இரண்டாவது வளையலை மெல்ல முறுக்கிக் கழற்றினாள் ஹேமலதா. சௌந்தரத்தின் வலது கை முழங்கை வரை வீங்கி மினுமினுத்தது. இன்னும் இரண்டு இருந்தன. "சீக்கிரம் கழட்டுங்க, அப்புறம் வெட்டித்தான் எடுக்கணும்" என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

நான்குமே கோழியில் வந்த தங்கம். விரிஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரே நிலத்தில், ஒரே மாதத்தில்தான் ஓரகத்திகள் இரண்டு பேரும் கோழி ஷெட் போட்டார்கள். ஹேமலதாவின் குஞ்சுகள் மூன்று தடவை கழிச்சல் கண்டு கும்பலாகச் செத்தன. ஷெட்டை மூடிவிட்டு ஆம்பூர் ஷூ கம்பெனிக்குத் தைக்கப் போனாள். சௌந்தரத்தின் ஷெட் இரண்டாயிரம் கோழியாகப் பெருத்தது.

"இன்னா மருந்துக்கா போட்ற?" என்று அப்போது வெட்கத்தை விட்டுக் கேட்டாள் ஹேமலதா.

"ஒண்ணும் போடல. தீனியும் தண்ணியும்தான்."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள் சௌந்தரம். ஆறு வருஷமாகியும் ஹேமலதாவுக்கு அது ஆறவில்லை.

இரண்டு வாரத்துக்கு முன் தீனித் தகரம் கிழித்து சௌந்தரத்தின் உள்ளங்கையில் சின்னக் காயம். மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு அதே கையால் கோழி எருவை அள்ளினாள். நாலாம் நாள் குளிர் ஜுரம். வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து ஐந்து நாளாகிறது. ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது என்றார்கள். மூன்று தடவை மருந்தை மாற்றியும் ஜுரம் இறங்கவில்லை.

காலையில் டாக்டர் அக்சா கேட்டாள். "கோழிங்களுக்கு ஏதாவது மருந்து குடுப்பாங்களா?"

"ஷெட்டு விஷயம் அவளுக்குத்தான் தெரியும்" என்றான் சௌந்தரத்தின் கணவன் கன்னியப்பன்.

"எனக்கும் தெரியாது டாக்டர். அவங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டாங்க" என்றாள் ஹேமலதா. கன்னியப்பன் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

கடைசி வளையல் கழன்றபோது சௌந்தரம் கண்ணைத் திறந்தாள். கன்னியப்பன் வெளியே போயிருந்தான்.

"ஹேமா... தீனி மூட்டைக்கு அடியில ஒரு டப்பா கீது. வெள்ளப் பொடி. தெனமும் தண்ணில கலக்குவேன். நோவு இருந்தாலும், இல்லாட்டியும்."

"நான் அன்னிக்கே கேட்டேனேக்கா."

"சொல்லியிருந்தா உனுக்கும் கோழி நின்னிருக்கும்." மூச்சு வாங்கினாள். "நீ பத்தாவது பாஸு. கம்பெனி பஸ்ஸு வந்து உன்ன ஏத்தினு போவுது. அத்தையும் எதுக்குன்னாலும் உன்னத்தான் கூப்புடும். எனக்குன்னு கோழி ஒண்ணுதான் இருந்திச்சி."

தன்னைப் பார்த்து வயிறெரிய ஒருத்தி இருந்தாள் என்பது ஹேமலதாவுக்குப் புதிதாக இருந்தது. ஒரு நொடி அது இனிக்கவும் செய்தது. சட்டென்று எழுந்து டாக்டரைத் தேடி ஓடினாள்.

அக்சா அதைக் கேஸ் தாளில் குறித்துக்கொண்டாள். "அந்த மாதிரி மருந்தைத்தாம்மா நாங்களும் மொதல்ல ஏத்தினோம். தெனம் கொஞ்சம் கொஞ்சமா குடுத்தா அதைத் தாங்கற கிருமிங்க மட்டும் கோழி வயித்துல மிஞ்சும். அனேகமா அதுதான் காயத்துல எறங்கியிருக்கு. வேற மருந்து ஆரம்பிச்சிட்டோம். ஆனா சிறுநீரகம் நின்னுபோச்சி. அந்தப் பொடிய நிறுத்துங்க, எங்கிட்ட எடுத்துனு வாங்க. வெறுங்கையால எருவ தொடாதீங்க."

சாயங்காலம் நாலு மணிக்கு சௌந்தரம் போய்விட்டாள்.

மறுநாள் பிணத்தைக் குளிப்பாட்டும்போது ஹேமலதாதான் தண்ணீர் ஊற்றினாள். "என் மருமவள்னா அவதான். அவ ஷெட்ல ஒரு உசுரு சாவாது" என்று மாமியார் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அந்த வார்த்தை ஹேமலதாவை நேராகச் சுட்டது. கையில் சொம்போடு, செத்தவளின் ஈரத் தலைமுடியைப் பார்த்துக்கொண்டே, இவளுக்கு இதுவும் கிடைத்துவிட்டது என்று நினைத்தாள். நினைத்ததற்காகத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

பாடை கிளம்பியதும், "கோழிங்க தண்ணியில்லாம கத்துது, போம்மா" என்றாள் மாமியார்.

டப்பா சொன்ன இடத்தில்தான் இருந்தது. பாதிப் பொடி, உள்ளே ஒரு பிளாஸ்டிக் ஸ்பூன். ஒரு ஸ்பூன் போட்டால் போதும். கோழி நிற்கும், நாளைக்கு ஊர் ஹேமலதாவின் பெயரைச் சொல்லும். ஸ்பூனில் பொடியை அள்ளி, தண்ணீர்த் தொட்டிக்கு மேல் பிடித்தபடி நின்றாள். பிறகு பொடியை டப்பாவிலேயே கொட்டி இறுக மூடி, டாக்டரிடம் கொடுக்கத் துணிப்பையில் போட்டுக்கொண்டாள். வெறும் தண்ணீரை ஊற்றினாள்.

அடுத்த வாரம் கழிச்சல் கண்டு கோழிகள் சாக ஆரம்பித்தன. பதினோராம் நாள் காரியத்தன்று காலையில் நாற்பது கோழிகள் செத்துக் கிடந்தன.

கன்னியப்பன் ஷெட் வாசலில் மொட்டைத் தலையோடு நின்றான். "அவ இருந்தா இப்படி ஆவுமா? நீ இன்னாம்மா பண்ண?"

ஹேமலதா வாயைத் திறந்தாள். பந்தலுக்கடியில் சௌந்தரத்தின் படத்துக்கு யாரோ மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தெரியல மாமா" என்றாள்.

அவன் போனதும் இரண்டு கைகளிலும் பிளாஸ்டிக் கவரை மாட்டி ரப்பர் பேண்டு போட்டாள். ஒவ்வொன்றாகக் காலைப் பிடித்துத் தூக்கிக் கோணியில் போட்டுக்கொண்டு வேலியோரம் இழுத்துப் போனாள். நேற்று வெட்டிய குழி நிரம்பியிருந்தது. அதன் மேல் சுண்ணாம்பைத் தூவிவிட்டு, பக்கத்தில் இன்னொன்று வெட்ட ஆரம்பித்தாள்.