தோழர் தங்கையனின் குரல்

தோழர் தங்கையனின் குரலுக்குச் சாவு கிடையாது. கீழத்தஞ்சையின் கடைசி வரப்பு கரையும்வரை அது முழங்கிக்கொண்டே இருக்கும். சங்கச் செயலாளர் சிங்காரவேலு பாடையருகே நின்று இப்படிச் சொல்லி முடித்தபோது, அந்தக் குரலுக்குக் கரண்டு வரவில்லை.

அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து செவ்வந்தி எலிமினேட்டரின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பேட்டரி இல்லாமல் வீட்டுக் கரண்டில் டேப் ரெக்கார்டரை ஓட்டுகிற பெட்டி. திருவாரூரில் மீரா சாகிப்பின் ரேடியோ கடையில் வேலை பார்த்தபோது அவளே செய்தது. பேட்டரி வாங்கலாமென்றால் கடைத்தெரு முழுக்க அடைப்பு. தோழரின் மறைவுக்காக அடைக்கச் சொன்னவர் சிங்காரவேலுதான்.

எதிரே இரண்டு நாற்காலிகள். ஒன்றில் தாசில்தார். இன்னொன்றில் புதுக் கரைவேட்டியில் துரைராசு மிராசுதார். சுடுகாட்டுப் பாதை அவர் வயல் வழியாகப் போகிறது. மூன்று வருஷத்துக்கு முன் சமாதானக் கூட்டத்தில் வழி விடுவதாகச் சொன்னவர், இப்போது அப்படியெல்லாம் சொல்லவே இல்லை என்கிறார். எழுத்தில் ஒன்றும் இல்லை. அன்று அப்பா கூட்டத்தின் நடுவில் டேப்பை வைத்து, "இனிமே வரலாறு பேசும்" என்று ஒற்றை விரலால் பொத்தானை அமுக்கினாரே, அந்த நாடா ஒன்றுதான் சாட்சி.

"நாலு மணிக்குக் கலெக்டர் மீட்டிங்" என்றார் தாசில்தார். "அதுக்குள்ள போட்டுக் காட்டுங்க. இல்லன்னா வாய்க்கா வழியா எடுத்துட்டுப் போயிடுங்க."

"வாய்க்கால்ல கழுத்தளவு தண்ணி ஓடுதுங்க" என்றார் சிங்காரவேலு.

"தங்கையனுக்குத்தான் நல்லா நீச்சத் தெரியுமே" என்றார் துரைராசு.

அழுதுகொண்டிருந்த செவ்வந்தியின் அம்மா அம்சம் அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

செவ்வந்தி சைக்கிள் டைனமோ பல்பில் இரண்டு ஒயரை முறுக்கி டிரான்ஸ்பார்மரில் தொட்டாள். எரிந்தது. டயோடுகளைத் தாண்டித் தொட்டாள். எரியவில்லை. டிரான்ஸ்பார்மர் கையைச் சுட்டது. டயோடு போயிருந்தால் மாற்ற வேறு கிடையாது.

"மணி மூணே முக்காலும்மா" என்றார் சிங்காரவேலு, கெஞ்சுகிற குரலில்.

கண்டன்சரின் தலை உப்பியிருந்தது. வருகிற கரண்டையெல்லாம் அதுதான் விழுங்குகிறது. வீட்டு பல்பு ஹோல்டரில் மாட்டியிருந்த எலிமினேட்டர் ஒயரைப் பிடுங்கிவிட்டு, கண்டன்சரின் காலிரண்டையும் நறுக்கினாள். அது இல்லாவிட்டால் இரைச்சல் வரும். வரட்டும். மறுபடி மாட்டியதும் டேப்பில் சிவப்பு விளக்கு எரிந்தது.

பொத்தானில் விரலை வைத்தபடி செவ்வந்தி நிமிர்ந்தாள்.

"ஐயா, அப்ப நீங்க வேற கட்சி. இப்பக் கட்டியிருக்கீங்களே ஒரு கரை, அதப் பத்தி அன்னைக்கு நீங்க திட்டுனதும் இதுலதான் இருக்கும். முழுசாப் போடவா?"

துரைராசு தன் வேட்டியைப் பார்த்தார். தாசில்தாரும் பார்த்தார்.

"சாவு வீட்டுல எதுக்கும்மா அதெல்லாம்? வழி விடமாட்டேன்னு நான் எப்பச் சொன்னேன்? கொண்டு போங்கப்பா."

'மிராசுதார் பெருந்தன்மையுடன் இசைந்தார்' என்று தாசில்தார் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

பாடை கதிர் முற்றிய வயலுக்குள் இறங்கி, பறைச் சத்தம் தூரமாய்ப் போனது. பெண்கள் குளித்துவிட்டுத் திரும்பினார்கள். அம்சம் ஈரப் புடவையோடு டேப்புக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"போடுடி. அவரு குரல ஒரு தடவ கேட்டுக்குறேன்."

செவ்வந்தி போட்டாள். கொர்ரென்று இரைச்சல் வந்தது. அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை. நாடாவைத் திருப்பிப் போட்டாள்.

"வரலியா?"

"வரும்மா. கொஞ்சம் ஓடட்டும்."

அந்த டேப்பில் பதிவாக வேண்டுமென்றால் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அமுக்க வேண்டும்.