இருபது வாட்ஸ்

கொழுந்தன் பழனியப்பன் பெரிய ஆம்ப்ளிஃபயரின் பின்னாலிருந்து ஒயர்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். கூடத்தில் வேலாயுதத்தின் உடலைக் கிடத்தி இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை.

"தம்பி, அதுல ஏன் கை வைக்கிறீங்க?" கணவனின் தலைமாட்டிலிருந்து பவுனம்மாள் கேட்டாள்.

"தேவாரம் ரோட்டு வரைக்கும் கேக்கணும் அண்ணி. இது நூறு வாட்ஸ். கூட்டி வச்சா ஸ்பீக்கர் வெடிச்சிடும். என்னோடது இருபதுதான், சேஃப் லா."

கிள்ளானிலிருந்து லோரியில் வரும்போதே அந்தச் சின்ன ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தான்.

பவுனம்மாளுக்குத் தெரியும், அவன் சொன்னது எல்லாம் தலைகீழ். பெரிய ஆம்ப்ளிஃபயரை அளவோடு வைத்தால் ஸ்பீக்கருக்கு ஒன்றும் ஆகாது. சின்னதை அதன் சக்திக்கு மேல் முறுக்கினால்தான் சத்தம் உடைந்து, ஸ்பீக்கர் பெட்டியின் மேலே ஜால்ராத் தாளம் மாதிரி மெல்லிய ஓசைகளுக்கென்று இருக்கும் குட்டி ஸ்பீக்கரைக் கருக்கிவிடும். அது புரிய இந்த பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் ஒன்பது வருஷமும் மூன்று ஆம்ப்ளிஃபயரும் ஆயின, அவர்கள் இருவருக்கும். ஆமாம், இருவருக்கும்தான். ரயில்வே பட்டறையின் சம்மட்டி அடியில் வேலாயுதத்துக்கு மெல்லிய ஓசைகள் காதில் விழாமல் போய் எவ்வளவோ காலம். ஓம், வாட்ஸ் என்று கரண்டுக் கணக்குப் போட்டது அவர். கேட்டுச் சொன்னது அவள். வந்தவர்கள் "அண்ணனுக்கு என்ன காது!" என்று மெச்சுவார்கள். அவர் சிரித்துக்கொள்வார், அவள் காப்பி கொண்டுவருவாள். ஒரே ஒரு தடவை, "கேட்டுச் சொல்றது இவதான்" என்று அந்த மனுஷன் வாயைத் திறந்திருக்கலாம்.

"வேணாம் தம்பி, கருகிப் போயிடும்."

"ஆம்பளைங்க பாத்துக்கறோம் அண்ணி. நீங்க உக்காருங்க."

நாத்தனார் மாரியாயி அவள் தோளை அழுத்தினாள். "இந்த நேரத்துல எந்திரிக்கக் கூடாது புள்ள."

கேசட் ஓடத் தொடங்கியது. ஓதுவார் குரல் கரகரத்தது. பழனியப்பன் குமிழை இன்னும் கொஞ்சம் திருகினான், இன்னும் கொஞ்சம். சட்டென்று வலப்பக்க ஸ்பீக்கர் பெட்டியில் தாளம் நின்றுபோனது. குரல் மட்டும் முழங்கியது. கூடத்திலிருந்த நாற்பது பேரில் ஒருவருக்கும் அது தெரியவில்லை.

பவுனம்மாள் மாரியாயியின் கையை உதறிவிட்டு எழுந்தாள். நேரே போய்ப் பிளக்கைப் பிடுங்கினாள். ஒயர்களைப் பெரிய ஆம்ப்ளிஃபயருக்கே மாற்றி, குமிழைப் பாதிக்கும் கீழே வைத்து, கேசட்டை மறுபடி ஓடவிட்டாள்.

"அண்ணி, அண்ணன் பாத்துப் பாத்து வச்சிருந்த சாமான்..."

"உங்கண்ணனுக்குக் கேக்காது தம்பி. இருபது வருஷமா தாளச் சத்தம் கேக்காது. கேட்டதெல்லாம் நான்." வலப்பக்கப் பெட்டியைக் காட்டினாள். "அதக் கொன்னுட்டீங்க. காத வச்சுப் பாருங்க."

பழனியப்பன் குனிந்து காதை வைத்தான்.

"நல்லாத்தானே அண்ணி கேக்குது?"

பவுனம்மாள் பாயை இழுத்துக்கொண்டுபோய்க் கணவனின் மறுபக்கம், தாளம் இன்னும் கேட்ட பெட்டியின் ஓரமாகப் போட்டு உட்கார்ந்தாள்.