குமிழியை முந்தியவர்

பாரிஸ் லாச்சப்பலில் கொத்துரொட்டி போடும் தவரத்தினம் அண்ணை, ஐம்பதை நெருங்கும் வயதில் கடலுக்கடியில் நீந்தப் பழகுகிறார் என்றதும் தெருவே சிரித்தது. எங்கள் பிள்ளையார் கோயில் தேருக்கு முதல்நாள், விரதமென்று தண்ணீர்கூடக் குடிக்காமல், மார்செய் கடலில் இறங்கினார். கூடப் போனவரைத் துருவித்தான் மிச்சத்தை அறிந்தோம்.

முந்திய தடவை அமிழாமல் மிதந்ததற்குப் பகிடி பண்ணினார்களாம். அந்த ரோசத்தில் இடுப்புப் பட்டியில் ஈயக்கட்டிகளைக் கூடுதலாகக் கோத்தார். அவை கீழே இழுக்க, ஈடுகட்ட, மிதக்கவைக்கும் காற்றுச்சட்டையை ஊதினார்; அது கூடிப்போய் மேலே கிளம்பினார். ஆழத்தில் ஒடுங்கிக் கிடந்த காற்று, மேலே வரவர அழுத்தம் குறைந்து விரிந்தது. விரிந்தது அவரைத் தூக்கியது. தூக்கத் தூக்க இன்னும் விரிந்தது. காற்றைத் திறந்துவிட நினைப்பதற்குள், மூச்சுவிட்ட குமிழிகளுக்கும் முன்னால் தலை வெளியே! மெதுவாக வந்திருந்தால் இரத்தத்தில் கரைந்த வாயு மூச்சோடு போயிருக்கும். இப்போது உடம்புக்குள்ளேயே குமிழியாகிவிட்டது.

வெட்கத்தில் வீட்டில் மூச்சு விடவில்லை. காலையில் தோள் உளைந்தது. மனைவி ஜெகதீஸ்வரி தைலம் பூசித் தேருக்குக் கூட்டிவந்தார்.

வடத்தைப் பிடித்தவர் ஆடத் தொடங்கினார். ஒரு கால் இழுபட்டது, மற்றது மடிந்தது.

"சாமி வந்திட்டுது!" என்று கூவினார் பலசரக்குக்கடைச் சுகிர்தம் அக்கா. "மஞ்சள் தண்ணி கொண்டாங்கோ!"

பிள்ளையார் யார்மேலும் வந்து ஆடியதை நாம் கண்டதில்லை. ஆனால் சுகிர்தம் அக்காவோடு யார் வாதாடுவது?

"சாமியில்லை அக்கா, கால் விறைக்குது. கெதியா மேலை வந்திட்டன். என்ரை குமிழியளையே முந்தி வந்திட்டன்."

"குமிழியாம்! கேட்டியளே? அப்பனே, என்ரை மகளுக்கு எப்ப கலியாணம் சரிவரும்?"

"அம்புலன்சுக்கு அடியுங்கோ அக்கா!"

"சோதிக்கிறார், சோதிக்கிறார்," என்று நெற்றி நிறைய விபூதியை அப்பினார் அக்கா.

அண்ணை விழுந்தார். வேட்டி நனைந்திருந்தது. அது மஞ்சள் தண்ணீர் இல்லை, சிறுநீர் என்று கண்ட ஜெகதீஸ்வரி போட்ட சத்தத்தில்தான் மேளம் நின்றது. அம்புலன்ஸ் வந்தது, தேரையும் சனத்தையும் உடைத்த தேங்காய்களையும் கடந்து வெளியேறத்தான் வழியில்லை.

ஆஸ்பத்திரியில் இரும்பு அறைக்குள் கிடத்தி, குமிழிகள் சுருங்கவென்று காற்றை அமுக்கி, அவரைத் திரும்பவும் கடலின் ஆழத்து அழுத்தத்துக்கே கொண்டுபோனார்கள். இனி மணிக்கணக்காக, மெல்ல மெல்ல மேலே கொண்டுவர வேண்டுமாம். அதுவரை என்ன நடந்தாலும் கதவைத் திறக்க முடியாது.

ஜெகதீஸ்வரி வட்டக் கண்ணாடியில் முகத்தை ஒட்டி, கால்விரலை ஆட்டும்படி சைகை காட்டினார். உள்ளே அண்ணை சிரித்தார்.

"ஆட்டுறன்தானே," என்று அவருடைய உதடுகள் அசைந்தன.

விரல்கள் அசையவில்லை.