முனிலட்சுமியின் இடது தோள்

முனிலட்சுமியின் இடது தோளில் பதினோரு வருடமாக இருந்த வலி 2003 ஆகஸ்டில் நெதர்லாந்துக்குப் போனது. விமானத்தில்தான் போனது, லீஸ்பெத் என்ற டச்சுக்காரி தன் தோளில் சுமந்துகொண்டு போனாள்.

லீஸ்பெத்துக்கு அப்போது நாற்பது வயது. ஆடுவாள், பாடுவாள், உடம்பில் மை தடவிச் சுவரில் உருண்டு படம் வரைவாள்; ஒருமுறை பனிக்கட்டிமேல் அது கரையும்வரை நின்றிருக்கிறாள். அவள் ஊரில் இதையெல்லாம் டிக்கெட் வாங்கிப் பார்க்கிறார்கள். ஓசூரில் வண்டிப் பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் ஒரு ஷிப்டு வேலை செய்வது அவளுடைய அடுத்த நிகழ்ச்சி. கம்பெனி சரி என்றது. யாராவது இடம் விட வேண்டும். பிரஸ் மிஷினில் நாளைக்கு இரண்டாயிரம் தடவை கையைத் தூக்கி இறக்கும் முனிலட்சுமி விட்டாள். கை தூக்க முடியாதவர்களை ஒன்றாம் தேதியிலிருந்து நிறுத்தப் போவதாக அந்த வாரம்தான் சூப்பர்வைசர் வெங்கட் சொல்லியிருந்தான். புருஷன் இல்லாத வீடு; மகள் யுவஸ்ரீ ஏழாவது படித்தாள்.

“சும்மா இல்ல, மாத்து ஷிப்டு. இன்னைக்கு எனக்கு நீ நின்னா, நீ கூப்புடறன்னைக்கு உனக்கு நான் நிக்கணும். சொல்லுப்பா அவங்களுக்கு,” என்றாள் முனிலட்சுமி. வெங்கட் இங்கிலீஷில் சொன்னான். லீஸ்பெத் தலையாட்டினாள்.

எட்டு மணி நேரம் நின்றாள். சங்கு ஊதியபோது லைன்வீட்டில் முனிலட்சுமி பரண்மேலிருந்த அரிசி டப்பாவை இடது கையால் எடுத்துக்கொண்டிருந்தாள். யாரும் ஆச்சரியப்படவில்லை. ஷிப்டோடு உடம்பு வலியும் கைமாறுவது அங்கே உண்டு. பதில் ஷிப்டு நின்றதும் அவரவருடையது அவரவரிடம் வந்துவிடும். முந்தின வருடம் பக்கத்து மிஷின் வெங்கடம்மாவுக்காக நின்ற ராமப்பன் அவளுடைய பிரசவ வலியில் பாதியை வாங்கிக்கொண்டு ஸ்டோர் ரூமில் உருண்டிருக்கிறான்.

லீஸ்பெத் ஊருக்குப் போய் ஆட்டத்தையும் பாட்டையும் விட்டுவிட்டாள். மேடையில் எட்டு மணி நேரம் இடது கையைத் தூக்கி இறக்குவாள், அவ்வளவுதான். முன்வரிசைக்காரர்கள் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து போவார்கள். மறுநாள் அவர்களே திரும்ப வருவார்கள். ஆறு வருடத்தில் நாற்பது ஊர். பெரிய ஆளானாள், தலைவாரக் கை எழவில்லை. இங்கே முனிலட்சுமிக்கு வேலை போகவில்லை. யுவஸ்ரீ நர்சிங் சேர்ந்தாள்.

2009-ல் வெங்கட்டின் செல்லுக்குப் போன் வந்தது. இனி முடியவில்லை, ஒரு ஷிப்டு நிற்க வா என்றாள் லீஸ்பெத்.

“விடுக்கா,” என்றான் ராமப்பன். “வெள்ளக்காரி ஓசூரு பஸ் ஸ்டாண்டுல வந்தா உன்னப் புடிக்கப் போறா?”

“அவ நின்னாளாடா இல்லையா?”

“வலி திரும்பி வந்தா வேல போயிடும். புள்ளைக்கு இன்னும் மூணு வருசம் படிப்பு கெடக்கு.”

“அதுக்குன்னு?”

ஆனால் காண்ட்ராக்ட் ஆளுக்கு லீவு கிடையாது, பாஸ்போர்ட்டும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் மேற்கே பார்த்து நின்று, காலை ஆறிலிருந்து இரண்டு வரை கையைத் தூக்கி இறக்கினாள். துணி காயப்போட வந்தவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். சாயங்காலம் வெங்கட் போன் போட்டுக் கேட்டான். லீஸ்பெத்துக்கு அப்படியேதான் வலித்தது. அந்த மேடையில் போய் நின்றால்தான் செல்லும் போலிருக்கிறது.

முனிலட்சுமி இப்போதும் அரிசி டப்பாவை இடது கையால்தான் எடுக்கிறாள், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூச்சத்தோடு. லீஸ்பெத்துக்கு அவள் ஒரு ஷிப்டு பாக்கி.