உம்மு சினானின் பதில்கள்

பிறந்த வருடம் தவறாக இருந்தது. நவார் அதைப் பென்சிலால் அடித்துத் திருத்தினாள்.

அப்பா ஹிக்மத்தை அடக்கம் செய்து இரண்டாம் நாள். பஸ்ராவில் அவர்கள் வீட்டுத் தெருவை அடைத்துப் போட்டிருந்த பந்தலில் ஆண்கள். உள்ளே கூடத்தில் பெண்கள். நாளைய பத்திரிகைக்கான இரங்கல் குறிப்பை அப்பாவின் கவிஞர் நண்பர்கள் எழுதி, தேதிகளைச் சரிபார்க்க உள்ளே அனுப்பியிருந்தார்கள். நண்பகல் தொழுகைக்குள் திருப்பித் தர வேண்டும்.

ஒரு வரியில் பென்சில் நின்றது. 'படகோட்டிகளைப் பற்றிய கவிதைக்காகத் தடைசெய்யப்பட்ட ஹிக்மத், ஒன்பது ஆண்டுகள் ஒரு வரியும் வெளியிடாமல் மௌனம் காத்தார்.'

அந்த ஒன்பது ஆண்டுகள் நவாருக்கு என்றைக்குமே புதிர்தான். அவர் பெயரையே அச்சிடக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. ஆனாலும் அப்பா தினமும் பத்திரிகை அலுவலகம் போய்வந்தார். கேட்டால் பிழை திருத்துவதாகச் சொல்வார். பிழை திருத்துகிறவர் எதற்காகத் தனக்குள் சிரித்துக்கொண்டே வீடு திரும்ப வேண்டும்? அவளுக்குப் பத்து வயதான குளிர்காலம் அதைவிடப் பெரிய புதிர். சமையலறையை எட்டிக்கூடப் பார்க்காதவர் ஒருநாள் அங்கே முக்காலி போட்டு உட்கார்ந்து, அம்மாவுக்குக் கவிதை படித்துக் காட்டினார். சாகும்வரை அந்த வழக்கத்தை விடவில்லை. என்ன நடந்ததென்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.

அப்போதுதான் செலீமா வந்தாள். பத்திரிகையில் வாசகர் கடிதங்களைப் பிரித்து அடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மடியில் ஒரு பிஸ்கட் டப்பா.

"பத்திரிகையில உம்மு சினான்னு ஒருத்தி எழுதுவாளே, ஞாபகம் இருக்காம்மா?" என்று நவாரிடம் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

எப்படி மறக்கும்? மாமியார் தொல்லையோ மீன் குழம்போ, எதைக் கேட்டாலும் வாரந்தோறும் பதில் சொன்னவள். ஊர்ப் பெண்களெல்லாம் அவளைப் படித்தார்கள்.

"அது உங்கப்பாதான். தனக்கு அப்புறம் இதை வீட்டுல குடுத்துடச் சொல்லியிருந்தார்."

டப்பாவில் கடிதங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் அப்பாவின் கையெழுத்தில் பதில். மேலே இருந்த கடிதத்தின் கையெழுத்தும் நவாருக்குத் தெரிந்ததுதான். பள்ளிக்கூட அறிக்கைகளின் அடியில் பார்த்துப் பழகியது. 'என் கணவர் காப்பிக் கடை முழுக்கக் கேட்கும்படி கவிதை படிக்கிறார். வீட்டில் அவர் பேசுவது, உப்பு எங்கே என்பது மட்டும். நான் என்ன செய்ய?'

பின்னால்: 'சகோதரி, உன் கணவன் முட்டாள். அவனுக்கு ஒரு மாதம் அவகாசம் கொடு.'

நவார் அதை அம்மா பஹீஜாவிடம் கொண்டுபோனாள். பஹீஜா கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு வாசித்தாள்.

"அவர்தான் எழுதறார்னு தெரியாமலா எழுதினே?"

"தெரியாம என்ன? ராத்திரி என்கிட்ட பாமியாவுக்கு வெண்டைக்காயை எப்படி வதக்கறதுன்னு கேப்பார். அந்த வாரமே உம்மு சினான் அதை எனக்கே சொல்லிக்குடுப்பா."

"அவர்கிட்ட நேராச் சொல்லியிருக்கலாமே."

"அவர்கிட்ட சொன்னா அவர் காதுல விழாது. அவகிட்ட சொன்னா விழும்."

"உனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியுமா?"

பஹீஜா நவாரின் கையிலிருந்த குறிப்பைக் காட்டி, அதில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டாள். நவார் அந்த வரியைப் படித்தாள்.

"மௌனமா?" என்றாள் பஹீஜா. "அந்த ஒன்பது வருஷத்துலதான் மனுஷன் பேசவே ஆரம்பிச்சார்."

வெளியே இருப்பவர்களுக்கு இது ரசிக்காது என்று நவாருக்குத் தெரியும். அந்த மௌனத்தைப் பற்றி அவர்கள் கட்டுரைகளே எழுதியிருக்கிறார்கள். என்றாலும் வரியை அடித்துவிட்டு, மேலே 'உம்மு சினான் என்ற பெயரில் பெண்களுக்குப் பதில் எழுதினார்' என்று எழுதிப் பந்தலுக்கு அனுப்பினாள்.

அவள் திரும்பியபோது செலீமா அடுத்த கடிதத்தை எல்லோருக்கும் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். நாத்தனார் ஒருத்தியின் குறட்டையைப் பற்றிய கடிதம். பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நகர்ந்து நெருங்கி உட்கார்ந்தார்கள். பஹீஜா முக்காட்டை முகத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். கறுப்பு அங்கிக்குள் அவள் தோள்கள் குலுங்கின.

அப்போதுதான் வாசலுக்கு வந்த ஒரு பெண் அதைப் பார்த்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓவென்று அழத் தொடங்கினாள்.