தறிக்குக் கட்டிய கல்

என்சியாவின் செத்துப்போன அப்பாவுடைய தறியைச் சரிசெய்ய நான் பதினோரு நாள் முதுகொடிய வேலை பார்த்தேன். கறையான் தின்ற தறிக்காலை மாற்றினேன், துணி சுற்றும் படமரத்துக்கு எண்ணெய் போட்டேன், நூலைத் தூக்கி இறக்கும் விழுதுகளைப் புதிதாகக் கட்டினேன். அசாந்தி நாட்டில் இந்த வேலையில் என்னை மிஞ்ச ஆளில்லை. சொல்லிக்கொள்ள வெட்கமும் இல்லை. ஒன்றை மட்டும் என்சியா பொறுப்பில் விட்டேன். கல். எங்கள் தறியில் பாவு நூல் முப்பது முழம் முன்னால் நீண்டு கிடக்கும். அதன் நுனியில் ஒரு பலகை, பலகைமேல் கல். நெய்ய நெய்ய அது மண்ணில் இழுபட்டு நெய்கிறவனை நோக்கி வரும்.

என்சியா என் தங்கை அஃப்ராகோமாவின் புருஷன். அவள் அப்போது ஏழு மாதம்.

அவன் நெய்யத் தொடங்கிய மூன்றாம் நாள் என்னைத் தேடி வந்தாள். "அண்ணே, அவரு ஃபூஃபூக் களியைத் தொடவே மாட்டேங்குறாரு. ஒடம்பு சில்லுன்னு கெடக்கு. கல்லு கிட்ட வர வர ஆளு கரையிறாரு."

"பழைய தறி, இடுப்பைப் புடிச்சிருக்கும்" என்றேன். சொன்னேனே தவிர, நானே அதை நம்பவில்லை. உடனே கிளம்பினேன்.

கல் பாதித் தூரம் வந்திருந்தது. ஒரு பக்கத்தில் சுண்ணாம்பு. அந்தச் சுண்ணாம்பைப் பூசியவனே நான்தான்.

"அடப்பாவி! இது ஒங்கப்பா கல்லறைக் கல்லுல்ல?"

"அதுக்கென்ன மச்சான்? அப்பா தறிக்கு அப்பா கல்லு. அவரும் கொஞ்சம் ஒத்தாசை பண்ணட்டுமே." சிரிக்கப் பார்த்தான், இருமல்தான் வந்தது.

"எந்திரி மொதல்ல."

"முடியல மச்சான். கை நிக்க மாட்டேங்குது."

அவன் விரல்களைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். மாடு மாதிரி பலம் எனக்கு, அசைக்க முடியவில்லை. அவன் கையிலிருந்த நூல் ஓடம் போனது, வந்தது. கல் ஒரு விரற்கடை நகர்ந்தது.

பாவு நூலை அறுத்துவிடலாம்தான். ஆனால் நெய்து முடியாத பாவை எங்களில் யாரும் அறுப்பதில்லை. அறுத்தவன் அதிலிருப்பதையெல்லாம் தன்மேல் வாங்கிக்கொள்கிறான். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். கோழை என்று திட்டுங்கள், தகும்.

ஆறாம் நாள் போனபோது கல்லுக்கும் அவன் காலுக்கும் நடுவே நாலு முழம்தான். உதடு சாம்பலாகிக் கண் செருகியிருந்தது. பக்கத்தில் அஃப்ராகோமா, ஒரு கை வயிற்றில், இன்னொரு கையில் கிழங்கு நறுக்குகிற கத்தி.

"நீ அறுக்க மாட்டேல்ல? நா அறுக்குறேன்."

"வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு என்ன பேச்சுடி பேசுற! குடு இங்க!"

கத்தியைப் பிடுங்கி ஒரே வீச்சில் அறுத்தேன். கல் நின்றது. என்சியா சரிந்து விழுந்து, தண்ணீர் கேட்டான். மாலைக்குள் இரண்டு ஆள் ஃபூஃபூவைத் தின்றான். தங்கை சிரிப்பும் அழுகையுமாக என்னைக் கட்டிக்கொண்டாள்.

கல்லைக் கல்லறையிலேயே வைத்து, கள் ஊற்றி, மன்னிப்புக் கேட்டோம்.

மறுநாள் காலை அது என் தெருமுனையில் கிடந்தது. எவனோ விளையாடுகிறான் என்று ஊரையே திட்டிவிட்டு, தூக்கிக்கொண்டுபோய் வைத்தேன். அடுத்த நாளும் வந்தது. மண்ணில் இழுபட்ட தடம் நேராக என் வாசலைப் பார்த்து இருந்தது.

நேற்று வாசலுக்கும் அதற்கும் பன்னிரண்டு முழம். இன்று ஒன்பது. தங்கையிடம் சொல்லவில்லை, சொன்னால் மறுபடியும் கத்தியோடு வந்து நிற்பாள். பயமாக இருக்கிறது. அறுப்பதற்கு இதில் நூலும் இல்லை.