நெற்றிச் சாம்பல்

ஆஸ்மா அந்த வரிசையில் போய் நின்றதற்குக் காரணம், ஜெசிந்தா மத்தியானம் சொன்ன ஒரு வார்த்தைதான்.

"எங்களுக்கும் இன்னிக்கி நோன்புடி."

ஏழாம் வகுப்பில் இருவருக்கும் ஒரே பெஞ்சு. ஒருத்திக்கு ரம்ஜானின் தலை நோன்பு, மற்றவளுக்குச் சாம்பல் புதன். இரண்டு பேருமே மத்தியானம் சாப்பிடவில்லை. ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து, ஐந்து மணிப் பூசைக்கு ஜெசிந்தாவோடு சிற்றாலயத்துக்குள் நுழைந்தபோது பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். முதுகுகள்தான் தெரிந்தன. நோன்பு வைத்தவர்களுக்கெல்லாம் ஏதோ அடையாளம் வைக்கிறார்கள் போலிருக்கிறது என்று அவளும் நின்றாள். ஃபாதர் முகம் பார்க்கவில்லை. கட்டை விரலால் மேலிருந்து கீழே ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு.

வெளியே வந்து ஜெசிந்தாவின் நெற்றியைப் பார்த்ததும்தான் அது சாம்பலில் போட்ட சிலுவை என்று அவளுக்குத் தெரிந்தது.

அம்மாவின் தம்பி ஜாவித் மாமு, கான்வென்ட்டில் சேர்த்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். போன டிசம்பரில் மசூதி இடிக்கப்பட்ட பிறகு குரலும் உயர்ந்திருந்தது. "பாத்துகினே இரு மச்சான், ஒருநாள் நெத்தியில சிலுவையோட வந்து நிக்கப் போவுது." அத்தாவும் வீம்புக்கு வாக்குக் கொடுத்திருந்தார்: "அப்டி வந்தா அடுத்த நாளே டி.சி. வாங்கிடறேன்."

பள்ளிக் குழாயில் சாயங்காலம் தண்ணீர் வராது. ஜெசிந்தா கைக்குட்டையால் தேய்த்ததில் கறுப்பு இன்னும் பரவியது. அதற்குள் வாசலில் டி.வி.எஸ். 50 வந்து நின்றது.

"இன்னா புள்ள இது?" என்றார் அவள் அத்தா பஷீருதீன்.

"நோன்பு வெச்சவங்களுக்குன்னு நெனச்சேன் அத்தா."

அவர் தன் கட்டை விரலால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தார். போகவில்லை. விரலையும் நெற்றியையும் மாறி மாறிப் பார்த்தார். ரயில்வே கேட் மூடியிருந்தது.

"டி.சி. வாங்கிடுவியா அத்தா?"

கேட் திறந்தது. வண்டியைக் கிளப்பிவிட்டுத்தான் சொன்னார்: "பையில துப்பட்டா கீது இல்ல? எடுத்துப் போடு. புருவம் வரைக்கும் இழுத்து வுடு."

பள்ளிவாசலிலிருந்து வாங்கி வந்த கஞ்சியை, வீட்டு முன்னறையிலேயே உட்கார்ந்து கிண்ணங்களில் ஊற்றிக்கொண்டிருந்தார் மாமு. பின்கட்டுத் தொட்டிக்குப் போக அவரைத் தாண்டித்தான் ஆக வேண்டும். ஆஸ்மா தரையைப் பார்த்தபடி நடந்தாள். மாமு கரண்டியை நிறுத்தினார்.

"பாத்தியா மச்சான், ஒரு நோன்புக்கே புள்ளைக்கு இன்னா அடக்கம். முக்காடு கண்ண மறைக்குது."

"பள்ளிக்கூடத்துல நல்லா சொல்லிக் குடுக்கறாங்க மாப்ள" என்றார் பின்னால் வந்த அத்தா.

தொட்டியடியில் அம்மா ஃபக்ருன்னிசா பேரீச்சம்பழம் கழுவிக்கொண்டிருந்தாள். ஆஸ்மா துப்பட்டாவை விலக்கி முகத்தில் தண்ணீரை அடித்தாள், மூன்று தரம், நான்கு தரம். ஃபக்ருன்னிசா பழத்திலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னாள்:

"காதோரம் இன்னும் கீது. அதையும் கழுவு."

பாங்கு சொன்னார்கள். எல்லோரும் ஸுஃப்ரா விரிப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள். முதல் பழத்தை எடுத்து அத்தா அவளிடம் நீட்டினார். பழத்தைப் பிடித்திருந்த கட்டை விரல் இன்னும் கறுப்பாகவே இருந்தது.